ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது? ஆஃப்ரோடு வண்டியின் பின்பம்பர் பற்றிய ஒரு நெடுவழக்கு

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் மாற்றுச் சக்கரத்துக்கு ‘ஸ்டெப்னி’ என்றுதான் பேர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904-இல் தாமஸ், வால்டர் டேவிஸ் சகோதரர்கள் விற்கத் தொடங்கிய சக்கரத்தின் பெயர் அது. பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டும் காற்றடைத்த வளையமாக அது இருந்தது. அந்த வளையம் வழக்கொழிந்து போனது, பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சக்கரத்தை வண்டியில் எங்கே வைப்பது என்ற கேள்வியும் கூடவே நிலைத்துவிட்டது.

ஊருக்குள் ஓடும் காரில் டிக்கியின் அடித்தட்டு அதற்கு விடை சொல்லிவிடும். பாறையிலும் மணலிலும் ஓடும் வண்டியில் அப்படி எளிதாக முடிவதில்லை. அங்கே சக்கரம் பெரிது, கனம், அடிக்கடி தேவைப்படுவது. அதனால்தான் கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தையில் வேறொன்று வாங்கும் பழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தனித் தொழிலாகவே வளர்ந்தது. எந்தப் பின்பம்பர் நல்லது என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வெளியே பார்த்தால் அது இரும்பா அலுமினியமா, குழாயா தகடா என்ற சண்டை. உள்ளே பார்த்தால் ஒவ்வொரு தரப்பும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பது தெரியும்.

வழக்கின் தொடக்கம்

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் உருவான வில்லிஸ் ஜீப்பின் பின்புறத்தைப் பார்த்தால், இன்று விற்பனையாகும் பின்பம்பர்களின் சரக்குப் பட்டியல் முழுவதும் அதில் இருக்கும். வலப்பக்கம் மாற்றுச் சக்கரம். இடப்பக்கம், சற்றுப் பிந்தி வந்த வண்டிகளில், 20 லிட்டர் ஜெர்ரி கேன். நடுவில் இழுவைக் கொக்கி. முழு நீளப் பம்பர் கிடையாது. இரண்டு ஓரங்களிலும் சிறு இரும்புத் துண்டுகள் மட்டும். சுமப்பது, இழுப்பது, இடி தாங்குவது ஆகிய மூன்றும் அந்தக் குட்டி வண்டியின் பின்பக்கத்தில் தனித்தனி உறுப்புகளாக இருந்தன.

1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் வேறு வழியில் போனது. சக்கரத்தைப் பின்தொட்டிக்குள்ளோ முன்பக்க பானட்டின் மேலோ வைத்தது. பானட்டில் வைத்தால் எடை முன்னச்சின் மீது இறங்கும், பின்கதவு தடையின்றித் திறக்கும். ஆனால் ஓட்டுநரின் பார்வையில் கொஞ்சம் மறையும், பானட்டைத் தூக்குவதே ஒரு வேலையாகும். டொயோட்டாவின் 40 வரிசை லேண்ட் குரூசரில், இரட்டைக் கதவுக்குப் பின்னே வாயிற்கதவு போலத் தனியாகச் சுழன்று திறக்கும் சக்கரத்தாங்கி வந்தது. இன்றைய பம்பர்களில் காணும் சுழல்கைக்கு அதை முன்னோடி எனலாம்.

அந்த மூன்று வேலைகளையும் ஒரே பொருளில் சேர்த்துவிட முடியுமா என்பதே வெளிச்சந்தை பம்பர் எழுப்பிய கேள்வி. மெல்பர்னில் ஆந்தனி ரொனால்ட் பிரவுன் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 1975-இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் இந்தச் சந்தையின் பெரும்பெயர்களில் ஒன்று. அதே நாட்டின் கேமார், பின்பக்கச் சக்கரத்தாங்கிகளுக்கே பேர் வாங்கியது. அமெரிக்காவில் ஜீப் ராங்ளரைச் சுற்றி, சிறு வெல்டிங் பட்டறை முதல் பெரிய தொழிற்சாலை வரை நூற்றுக்கணக்கானோர் இதில் இறங்கினார்கள்.

முதல் தரப்பு: கம்பெனி பம்பரே போதும்

மாற்றவே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கம்பெனி பம்பர் தனியாக நிற்கும் பொருளன்று. அதற்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், நுரை, பிளாஸ்டிக் உறை, சென்சார், விளக்கு எல்லாம் ஒன்றையொன்று கணக்கில் எடுத்து வடிவமைக்கப்பட்டவை. எடை குறைவு. பின்னால் மோதும் வண்டியின் வேகத்தில் ஒரு பகுதியை நசுங்கி வாங்கிக்கொள்ளும்.

இந்த வாதத்தின் பலவீனம் அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே பம்பருக்கென்று தேசிய விதி உண்டு. 1973 மாடல் கார்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பின்னர் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்று இறுக்கப்பட்டு, 1982-இல் 2.5 மைலாகத் தளர்த்தப்பட்டது. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் இடி தாங்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ஆனால் அந்த விதி பயணிகள் கார்களுக்கு மட்டும். ஜீப், லேண்ட் குரூசர் போன்ற பல்பயன் வண்டிகளுக்கும் பிக்கப் லாரிகளுக்கும் அது பொருந்தாது. ஆக, ‘கம்பெனி பம்பர் அரசுத் தரத்துக்கு ஏற்பச் செய்தது’ என்ற நம்பிக்கை இந்த வகை வண்டிகளில் பாதிதான் உண்மை.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 1990-களின் பிற்பகுதியில் சிறு எஸ்யூவிகளை மணிக்கு 5 மைல் வேகத்தில் பின்னோக்கிக் கம்பத்தில் மோதிப் பார்த்தது. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி முதலில் இடிபட்டு, கதவை உள்ளே தள்ளி, கண்ணாடியையும் சேர்த்துச் சிதைத்த வண்டிகள் அதில் இருந்தன. பம்பருக்கு வேலை வருவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. பின்புறத்தில் முதலில் இடி வாங்குவது எது என்பதைச் சக்கரம் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் தரப்பு: தடித்த இரும்பும் சுழல்கையும்

நெடும்பயணக்காரர்களின் விடை இது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹால்ஸ் கிரீக்குக்கும் விலூனாவுக்கும் இடையே சுமார் 1,850 கிலோமீட்டர் நீளும் கேனிங் கால்நடைப் பாதையை எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான மணல்மேடுகள், அலைபோல மேடும் பள்ளமுமாக உடம்பை உலுக்கும் அலைத்தடம், நடுவில் டயர் கடை கிடையாது. அங்கே போகிறவருக்கு ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். எரிபொருளும் தண்ணீரும் தனி. லேண்ட் குரூசர் 80, 100 வரிசைகளில் சக்கரம் வண்டியின் அடிவயிற்றில் தொங்கும். பெரிய டயர் அந்த இடத்தில் அடங்காது. அடங்கினாலும் சேற்றில் புதைந்த வண்டியின் அடியில் படுத்து அதைக் கழற்ற யாருக்கும் மனம் வராது.

அதனால் சேசிஸில் நேரடியாகப் போல்ட் செய்த பெட்டி வடிவ இரும்பு, அதன் ஒரு மூலையில் நிமிர்ந்த முளை, முளையில் பேரிங் வைத்துச் சுழலும் கை, கையில் சக்கரம். மறுமூலையில் இன்னொரு கை, அதில் இரண்டு ஜெர்ரி கேன். கதவு எடையிலிருந்து விடுபடுகிறது. ஹை-லிஃப்ட் ஜாக்கிக்குத் துளை, ஷாக்கிள் மாட்டக் காது, வானொலி ஆன்டெனாவுக்குப் பீடம் எல்லாம் கிடைக்கிறது. அடிபட்டு வளைந்தால் எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் நிமிர்த்தலாம். இரண்டு மூன்று கார் பேட்டரிகளை வரிசையாக இணைத்துப் பாலைவனத்திலேயே வெல்டிங் வைத்தவர்களும் உண்டு. இரும்பின் இந்த நற்குணத்துக்கு மாற்று இதுவரை இல்லை.

பலவீனம் சுழல்கையில் தொடங்குகிறது. பின்கதவைத் திறக்க முதலில் கையைத் திறக்க வேண்டும். சரிவில் வண்டி நின்றால் கை தானாகச் சுழன்று வந்து ஆளை இடிக்கும். திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் ஊசி இல்லாத கையை வாங்குவது ஆபத்து. முளையில் டிரெய்லர் சக்கரத்தில் இருப்பது போன்ற கூம்பு உருளை பேரிங் இருந்தால் கிரீஸ் வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டலாம். வெறும் புஷ் மட்டும் வைத்த மலிவான கைகள் நாளடைவில் தொங்கிப்போய், தாழ்ப்பாளில் சேர மறுக்கும். தாழ்ப்பாள் தேய்ந்தால் அலைத்தடத்தில் இடைவிடாத தடதடப்பு. இந்த வகையை வாங்குகிறவர் தகட்டின் தடிமனைக் கேட்பதைவிட முளையும் தாழ்ப்பாளும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று கேட்பது பயன் தரும்.

துரு அடுத்த தலைவலி. பவுடர் கோட்டிங் பளபளப்பாக இருக்கும். கல்லடியில் ஒரு புள்ளி உதிர்ந்தால் அந்தப் பூச்சுக்கு அடியில் ஈரம் பரவும், வெளியே தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும். பூச்சே இல்லாத வெறும் இரும்பாக வாங்கி, கீறல் விழும்போதெல்லாம் ஸ்பிரே பெயின்ட் அடித்துக்கொள்வதே மேல் என்று ஒரு சாரார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாம் தரப்பு: கோணமே முக்கியம்

பாறை ஏறுகிறவர்கள் மேற்சொன்ன பம்பரைப் பார்த்துச் சிரிப்பார்கள். 1967 முதல் ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடக்கும் யூட்டா மாநிலத்து மோவாப், கலிபோர்னியாவின் ரூபிகான் தடம் போன்ற இடங்களில் பயணம் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள். தண்ணீர் டேங்கும் இரண்டாவது ஸ்டெப்னியும் அங்கே வீண் சுமை. உயரமான பாறைப்படியிலிருந்து இறங்கும்போது பின்முனை தட்டாமல் இருப்பதுதான் கவலை.

பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் பின்முனையின் அடிப்பகுதிக்கு இழுக்கும் கோட்டின் சாய்வே இறங்குகோணம். ராங்ளர் ரூபிகானின் நான்கு கதவு வகைக்கு அது 37 பாகை. இந்தியாவில் செய்யப்படும் ஐந்து கதவு சுசுகி ஜிம்னிக்கு 47 பாகை. ஒரு கணக்குக்காக, பின்முனையின் அடி தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம், கோணம் 37 என்று வைத்துக்கொண்டால், அதே உயரத்தில் 10 சென்டிமீட்டர் கூடுதலாக நீட்டும் பம்பர் கோணத்தை ஏறத்தாழ 34 ஆக்கிவிடும். நீளத்தை மாற்றாமல் அடிப்பகுதியை 10 சென்டிமீட்டர் மேலே தூக்கினால் 41-ஐத் தாண்டும். உயரம் தரும் லாபமும் நீளம் தரும் நட்டமும் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் இடம் வண்டியில் வேறு குறைவு.

எனவே இவர்கள் தேர்வது உடம்போடு ஒட்டிய, ஓரங்கள் மேல்நோக்கிச் சீவிய, சேசிஸ் அகலத்துக்கே குறுகிய பம்பர். சிலர் வளைத்த குழாயே போதும் என்பார்கள். பாறையில் உரசும்போது குழாய் வழுக்கிக்கொண்டு போகும், தகட்டின் விளிம்பு மாட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் தரப்பு. குழாயின் மெல்லிய சுவர் ஓரிடத்தில் குழிந்தால் நிமிர்த்துவது கடினம் என்பது எதிர்த்தரப்பு.

குறுகிய பம்பரின் விலையைப் பின்மூலைகள் கொடுக்கின்றன. முழு அகலப் பம்பர் இருந்தால் பாறை முதலில் இரும்பில் உரசும். அது இல்லாத வண்டியில் பாடியின் மூலைத் தகரமும் பின்விளக்கும் அடி வாங்கும். அதை மறைக்கத் தனித் தகட்டுக் கவசம் மாட்டுகிறார்கள். மிச்சப்படுத்திய எடையில் ஒரு பங்கு அங்கே திரும்பி வந்துவிடுகிறது.

நான்காம் தரப்பு: எடையைக் கணக்குப் பார்

இரும்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் பம்பர் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையாது. ஏனெனில் அலுமினியத்தைத் தடிமனாக எடுக்க வேண்டும். 4.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ. அதற்கு ஈடாக வழக்கமாக எடுக்கும் 6.4 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 17 கிலோ. பாதிக்கும் கொஞ்சம் கீழே. துருப்பிடிக்காது என்பது கூடுதல் லாபம்.

இந்தப் பாதி எடை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? பின்பம்பரின் எடை பின்னச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. அதனால் அது தராசுத் தட்டுபோல வேலை செய்கிறது. அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் இருக்கும் வண்டியில், பின்னச்சிலிருந்து 1 மீட்டர் பின்னே 100 கிலோவைத் தொங்கவிட்டால், பின்னச்சில் 133 கிலோ ஏறும். முன்னச்சில் 33 கிலோ குறையும். நான்கு கதவு ராங்ளரின் அச்சிடைவெளி ஏறத்தாழ இந்த அளவுதான். இரும்புப் பம்பர், சுழல்கை, 35 அங்குலச் சக்கரம், ஒரு ஜெர்ரி கேன் என்று கூட்டினால் 100 கிலோவை எளிதில் கடக்கும். பின் ஸ்பிரிங் அமுங்கும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், ஸ்டியரிங் லேசாகும். கோணத்துக்காகப் பணம் கொடுத்து ஏற்றிய உயரத்தில் ஒரு பகுதி சுமையால் இறங்கிவிடும். பம்பருக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் வாங்க வேண்டும் என்பதை விலைப் பட்டியல் தனியாகச் சொல்வதில்லை.

சிறிய வண்டியில் இது இன்னும் கூர்மையாகும். ஐந்து கதவு ஜிம்னியின் காலி எடை சுமார் 1,200 கிலோ. அனுமதித்த மொத்த எடை 1,545 கிலோ. ஆளுக்கும் சரக்குக்கும் சேர்த்து 345 கிலோ. தலைக்கு 70 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் மிச்சம் 65. ஒரு கனத்த இரும்புப் பின்பம்பர் வந்தால் கூடாரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் இடமில்லை. லேண்ட் குரூசருக்குப் பொருந்தும் அறிவுரை ஜிம்னிக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்து வெளிப்படை.

அலுமினியத்தின் குறைகளும் பெரியவை. வெல்டிங் சூட்டில் பட்ட இடம் பலம் இழக்கும். 6061-டி6 போன்ற கலவைகளில் இந்த இழப்பு கணிசமானது, ஆகவே இணைப்பு எங்கே வருகிறது என்பது வடிவமைப்பில் முக்கியம். அடிபட்டால் சாதாரணப் பட்டறையில் பழுது பார்க்க முடியாது. இரும்புச் சேசிஸும் அலுமினியப் பம்பரும் போல்ட்டில் சந்திக்கும் இடத்தில், உப்புக் காற்றோ பனிக்காலத்து உப்புச் சாலையோ இருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அந்த மூட்டில் ஈரமும் உலோகமும் நேராகச் சேராதபடி பூச்சோ வாஷரோ தர வேண்டும். விலை, இரும்பைவிடக் கூடுதல்.

ஐந்தாம் தரப்பு: கதவையே பலப்படுத்து

சக்கரம் ஏற்கெனவே பின்கதவில் தொங்கும் ராங்ளர் போன்ற வண்டிகளில் இன்னொரு விடை முளைத்தது. சிக்கல் கதவுக் கீலில் இருந்தால் கீலை மாற்றினால் போதாதா? டெராஃபிளெக்ஸ் போன்ற நிறுவனங்கள் பெரிய கீலோடு இணைந்த சக்கரத்தாங்கிகளை விற்கின்றன. சுழல்கை, இரண்டாவது தாழ்ப்பாள் எதுவும் வேண்டாம். ஒரே கைப்பிடியில் கதவும் சக்கரமும் சேர்ந்து திறக்கும். பம்பரை விருப்பம்போலச் சிறியதாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தரப்புக்கு வலுவான ஆதரவு ஜீப்பிடமிருந்தே வந்தது. 2021-இல் ராங்ளருக்கு 35 அங்குல டயரோடு எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுப்பை அறிவித்தபோது, பின்கதவுக் கீலைப் பலப்படுத்தி, சக்கரத்தைக் கதவிலேயே விட்டது. ஃபோர்டும் புதிய பிராங்கோவில் 35 அங்குலச் சக்கரத்தைப் பின்கதவிலேயே தொங்கவிட்டது. தொழிற்சாலையே செய்கிறது என்பதால் சுழல்கைப் பம்பரின் காலம் முடிந்தது என்று சிலர் முடிவு கட்டினார்கள்.

அந்த முடிவு சற்று அவசரம். இப்போதைய ராங்ளரின் பின்கதவில் எடைக் குறைப்புக்காக மக்னீசியம் பயன்படுகிறது. ரிம்மோடு சேர்ந்த 35 அங்குலச் சக்கரம் 40 கிலோவைத் தாண்டும். குழியில் விழும்போது கீலில் விழும் சுமை அதன் மடங்குகளில் வரும். 37 அங்குலம் என்றால் சக்கரம் இன்னும் கனம், மையமும் இன்னும் மேலே. கதவின் பலத்தை வண்டியின் பலமாக எடுத்துக்கொள்ள முடியாது; அலைத்தடத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் மாதம் ஒருமுறை பாறை ஏறும் வண்டிக்கும் ஒரே விடை பொருந்துமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இழுவைக் காது: தரப்புகள் ஒத்துப்போகும் இடம்

பம்பரில் ஷாக்கிள் மாட்டும் காது இருக்கிறது என்பதாலேயே அது மீட்புக்கு உகந்தது ஆகிவிடாது. புதைந்த வண்டியை நீளும் பட்டையால் வெடுக்கென்று இழுக்கும்போது, பட்டையில் சேரும் ஆற்றல் முழுவதும் அந்தக் காதில் இறங்குகிறது. காது தகட்டின் மேல்பரப்பில் ஒட்டவைத்த வெல்டிங்கா, தகட்டை ஊடுருவி உள்ளேயும் வெல்டிங் செய்ததா, அதன் பின்னால் சேசிஸுக்குப் போகும் பிராக்கெட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் விற்கும் மீட்புப் பட்டையில், அதன் அறுபடும் பலம் வண்டியின் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். இழுவைக்கான உருண்டைத் தலையில் பட்டையை மாட்டி, அது பீரங்கிக் குண்டுபோலத் தெறித்து உயிர்கள் போன பிறகு வந்த விழிப்பு அங்கே ஆழமானது.

வண்டியின் எலும்புக்கூடும் கணக்கில் வரும். ஏணிச் சேசிஸ் உள்ள வண்டியில் பம்பருக்குப் பிடிமானம் தெளிவு. 1984 முதல் 2001 வரை வந்த ஜீப் செரோக்கி போன்ற ஒற்றைக்கூடு வண்டியில் பின்பக்கச் சட்டம் வெறும் மடித்த தகரம். அதில் இரண்டு போல்ட்டில் கனத்த பம்பரையும் சக்கரத்தையும் தொங்கவிட்டால், தகரம் கிழியும். சட்டத்தின் நீளத்துக்கும் சுமையைப் பரப்பும் நீள்பட்டைகள் அங்கே பம்பரின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கவை. இதற்கு நேர்மாறாக, 2019-இல் வெளியான லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அலுமினிய ஒற்றைக்கூடாக இருந்தும், இழுவைப் புள்ளிகள் 6.5 டன் வெடுக்கிழுப்பைத் தாங்கும் என்று நிறுவனம் எண்ணிக்கையோடு சொன்னது. வெளிச்சந்தைப் பம்பர்களில் இப்படி எண்ணைத் தருகிறவர்கள் குறைவு. தருகிறவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

மோதலும் சென்சாரும் சட்டமும்

பின்னால் ஒரு கார் வந்து மோதினால் தடித்த இரும்பு காப்பாற்றுமா, கெடுக்குமா? இரண்டு பக்கமும் ஆதாரம் உண்டு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் நெருக்குதலுக்குப் பிறகு கிரைஸ்லர் 2013-இல் சுமார் 15.6 லட்சம் பழைய ஜீப்புகளைத் திரும்ப அழைத்தது. பின்னச்சுக்குப் பின்னால் இருந்த எரிபொருள் டேங்க், பின்மோதலில் தீப்பிடிக்கும் என்பது குற்றச்சாட்டு. குறைபாடு இருப்பதை நிறுவனம் ஏற்கவில்லை. ஆனாலும் தந்த பரிகாரம் ஒரு டிரெய்லர் இழுவைச் சட்டம், அதாவது பின்பக்கத்தில் கூடுதல் இரும்பு. குறைந்த, நடுத்தர வேக மோதல்களில் அது ஓரளவு உதவும் என்பதே நிர்வாகத்தின் மதிப்பீடு. அதிவேக மோதலுக்கு யாரும் உறுதி தரவில்லை.

மறுபக்கம், நசுங்காத பம்பர் இடியை அப்படியே சேசிஸுக்கும் இருக்கைக்கும் கடத்தும். மோதிய சிறு காரின் பானட்டுக்குள் புகவும் செய்யும். உயர்த்திய வண்டியில் பம்பர் எதிர்வண்டியின் பம்பர் உயரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. இது எந்த அளவு ஆபத்து என்பதை வண்டிவாரியாகச் சொல்லும் பொதுச் சோதனை முடிவுகள் அரிது.

மின்னணுச் சிக்கல் புதியது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய வண்டிகளில் பின்கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ராங்ளரில் கேமரா ஸ்டெப்னியின் நடுவிலேயே இருக்கிறது. சக்கரம் இடம் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். பல எஸ்யூவிகளில் பக்கவாட்டு எச்சரிக்கை ரேடார் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக்கை ஊடுருவும் அலை உலோகத்தை ஊடுருவாது; இரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் இது பொது. பம்பரில் சென்சார் துளை இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாமல், ரேடார் எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டிய காலம் இது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் கடை ஆகியோரைத் தடுக்கிறது. உரிமையாளர் தம் வண்டியில் தாமே செய்வது அந்தப் பிரிவில் வராது, மாநில விதிகள் தனி. இந்தியாவில் நிலைமை கடுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முட்டுக்கம்பிகளுக்கு (புல் பார்) எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தின் கவலை பாதசாரிகளும் காற்றுப்பைகளும், அதாவது முன்பக்கம். ஆயினும் பின்பக்க மாற்றம் 52-ஆம் பிரிவிலிருந்து தப்பிவிடும் என்று கொள்ள இடமில்லை. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தம் வழி செய்கிறது. சென்னையிலோ கோவையிலோ மகிந்திரா தார் வண்டி வைத்திருப்பவர் மோவாப் அறிவுரையைப் பின்பற்றும் முன் இதை யோசித்தாக வேண்டும்.

மதிப்பீடு

ஐந்து தரப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பொருள் பற்றிய சண்டை இரண்டாம்பட்சம் என்பது ஓரளவு தெளிவாகிறது. முதல் முடிவு சக்கரம் எவ்வளவு பெரிது, எங்கே தொங்கும் என்பது. சக்கரம் கம்பெனி அளவிலேயே இருந்தால், சேசிஸில் சரியான இழுவைப் புள்ளியும் இருந்தால், மாற்றாமல் இருப்பதற்கான வாதம் வலுவானது. 35 அங்குலத்தில் கதவுக் கீலைப் பலப்படுத்துவது இன்று மரியாதைக்குரிய விடை. இரண்டு சக்கரம், நெடுந்தூரம் என்றால் சுழல்கைப் பம்பருக்கு மாற்று குறைவு. அதற்கு அடுத்தது சுமைக் கணக்கு. இரும்பா அலுமினியமா என்பதை வண்டியின் மிச்சச் சுமைத்திறனே பெரும்பாலும் சொல்லிவிடும். கோணம், பூச்சு, துணைப் பீடங்கள் எல்லாம் அதற்கும் பின்னால்.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. உறுதியான பின்பம்பர் உள்ளே இருப்பவரின் கழுத்துக்கும் எதிர்வண்டிக்கும் என்ன செய்கிறது என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. பலப்படுத்திய மெல்லுலோகக் கதவுகள் பத்துப் பதினைந்து ஆண்டு அலைத்தடத்துக்குப் பின் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல அந்த வண்டிகளுக்கு இன்னும் வயதாகவில்லை. ரேடாரையும் கேமராவையும் மனத்தில் வைத்துச் செய்த வெளிச்சந்தைப் பம்பர்கள் இப்போதுதான் பெருகுகின்றன. ஒவ்வொரு புதிய மாடலும் சென்சாரை வேறிடத்துக்கு மாற்றுவதால் அவற்றைச் செய்கிறவர்கள் பின்தொடர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. இவற்றில் முதல் கேள்விக்கு விடை பட்டறையிலிருந்து வர வாய்ப்பில்லை. ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று இந்த வண்டிகளையும் பம்பர் விதிக்குள் கொண்டுவந்து மோதிப் பார்த்தால்தான் அது தெரியும்.